அம்மைக்க வீட்டுக்கு ஒரு விசா

(நாகர்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்ன தலைப்பில் பேசப்போகிறீர்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டபோது, 'குடியுரிமைச் சட்டம்: ஓர் அறிமுகம்' என்று சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்ததில் அந்தத் தலைப்பு எனக்கே பிடிக்கவில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று எந்தப் பக்கம் போனாலும் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போனவர்கள் இருக்கிறார்கள். மலையடிவார ஊர்களிலிருந்து நர்ஸாகப் போன பெண்கள் இருக்கிறார்கள். வளைகுடாவில் முப்பது வருஷம் உழைத்தாலும் அந்த நாட்டுக் குடியுரிமை நமக்குக் கிடைக்காது. போனவர் இந்தியராகவே திரும்பி வருவார். அயர்லாந்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா போன பிள்ளைகளின் கதை அப்படியல்ல. ஐந்தாறு வருஷத்தில் ஒரு கேள்வி அவர்கள் முன் வந்து நிற்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நாளிலிருந்து என்னென்ன மாறுகிறது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

நாற்பது வருஷம் வக்கீல் தொழில் பார்த்தவன் நான். ஆனாலும் இதைச் சட்டப் புத்தகத்திலிருந்து தொடங்கப்போவதில்லை. என் ஒன்றுவிட்ட அக்காள் மகளிடமிருந்து, முறைக்கு என் மருமகளிடமிருந்து, தொடங்குகிறேன். திருவட்டார் பக்கத்துப் பெண். அயர்லாந்தில் நர்ஸ். அங்கே வேலை பார்த்து, வரி கட்டி, காலக்கெடு முடிந்ததும் விண்ணப்பித்தாள். ஒரு பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு எழுந்து நின்று அந்த நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி சொன்னாள். படம் அனுப்பினாள். நாங்களும் சந்தோஷப்பட்டோம். புது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த வேளையில் ஒரு ராத்திரி எனக்குப் போன் வந்தது.

"மாமா, அம்மைக்கு ஒரு பக்கம் விழுந்துட்டாம். தம்பி விளிச்சான். புது பாஸ்போர்ட்டு இன்னும் வரல்ல. பழசுக்கு இன்னும் ஆறு வருஷம் கெடக்குல்லா, அதுலயே வந்துரட்டா?"

வேண்டாம் மக்களே என்று சொன்னேன். அவள் அழுதாள். நான் சொன்னது சட்டப்படி சரிதான். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அந்தப் பழைய பாஸ்போர்ட்டை அவள் பத்திரமாக வைத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. லண்டனில் இருக்கும் சித்தப்பா மகளைப் பார்த்து வருவதற்காக எடுத்த வருகை விசா அதில் ஒட்டியிருந்தது. நிறையப் பணம் கட்டி, வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாம் காட்டி வாங்கியது. "அந்த விசாவும் செத்துப் போகாதுல்லா?" என்று முன்பே ஒரு நாள் கேட்டிருந்தாள். அவள் கேள்வியை இங்கே முழுதாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இதே கேள்வியோடு என்னிடம் வந்த பெற்றோர் அநேகம்.

விசா ஒரு மனிதனுக்குக் கொடுக்கப்படுவது என்று நாம் நினைக்கிறோம். பெயர் அவனுடையது, முகம் அவனுடையது, கைரேகை அவனுடையது. ஆனால் விசா கொடுக்கும் அதிகாரி அந்த மனிதனை மட்டும் பார்ப்பதில்லை, அவன் எந்த நாட்டுக் குடிமகன் என்பதையும் பார்க்கிறார். நாளைக்கு இவனைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் ஏற்றுக்கொள்ள ஒரு நாடு இருக்கிறதா? இருக்கிறது என்று சொல்வதுதான் பாஸ்போர்ட். அந்தச் சொல்லை நம்பித்தான் விசா ஒட்டப்படுகிறது. குடியுரிமை மாறினால் அந்தச் சொல் இல்லாமல் போய்விடும். சொல் போன பிறகு அதை நம்பி ஒட்டிய தாளுக்கு என்ன பலம்?

குழப்பம் எங்கே வருகிறது என்றால், பாஸ்போர்ட் காலாவதியானாலும் விசா உயிரோடு இருக்கும் என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். பழைய பாஸ்போர்ட்டையும் புதிய பாஸ்போர்ட்டையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகிற அப்பாக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் பத்து வருஷ விசாவை அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க அரசே அதை அனுமதிக்கிறது. ஆனால் அந்த அனுமதிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரே நாட்டினுடையதாக, ஒரே வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவைக் கனடா பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்ட முடியாது. காட்டத் தேவையும் இல்லை. கனடா நாட்டுக் குடிமகன் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் போவதற்கு வருகை விசா கேட்கப்படுவதில்லை.

என் மருமகள் விஷயமும் அப்படித்தான் ஆயிற்று. லண்டன் விசா உறுதிமொழி எடுத்த அன்றோடு பயனற்றுப் போனது. ஆனால் அயர்லாந்துக் குடிமக்கள் பிரிட்டனுக்குப் போக, தங்க, வேலை பார்க்கக்கூட விசா தேவையில்லை. அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே பொதுப் பயண ஏற்பாடு ஒன்று நீண்ட காலமாக இருக்கிறது. அவள் பணம் கட்டி வாங்கிய கதவு தானாகத் திறந்துகொண்டது. அதுவரை பணமே கட்டாமல், யாரையும் கேட்காமல் திறந்து உள்ளே போய்க்கொண்டிருந்த திருவட்டார் கதவு சாத்திக்கொண்டது. லண்டனுக்கு வேண்டாத விசா அம்மைக்க வீட்டுக்கு வேண்டியதாகிவிட்டது.

எந்த நேரத்தில் அது சாத்துகிறது என்பதைக் கவனியுங்கள். இந்திய பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைக்கும் நாளில்தான் இந்தியக் குடியுரிமை போகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அதனால் ஒப்படைக்காமல் அலமாரியில் வைத்திருந்தால் இரண்டும் இருக்கும் என்று ஒரு நினைப்பு. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒரு இந்தியர் தாமே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றால், பெற்ற அந்தக் கணமே இந்தியக் குடிமகன் என்ற நிலை முடிந்துவிடுகிறது. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. பிறகு பாஸ்போர்ட்டை ஒப்படைப்பதும், அதில் ரத்து முத்திரை குத்தி, ஒப்படைப்புச் சான்றிதழோடு திருப்பித் தருவதும் ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றைப் பதிவு செய்கிற வேலை. அதனால்தான் ஆறு வருஷம் பாக்கியிருந்த அந்தப் பாஸ்போர்ட்டில் வராதே என்றேன். அதைக் காட்டி இந்தியாவுக்குள் நுழைவது குற்றம். அம்மை ஆஸ்பத்திரியில் கிடப்பது அதற்கு விலக்கு ஆகாது.

ஆண்டுதோறும் எத்தனை பேர் இந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்று வெளியுறவுத் துறை நாடாளுமன்றத்தில் கணக்குச் சொல்கிறது. 2022இல் 2,25,620 பேர். 2023இல் 2,16,219 பேர். 2024இல் 2,06,378 பேர். ஏன் போகிறார்கள் என்று குற்றம் சாட்ட நான் வரவில்லை. பிள்ளைகளின் படிப்பு, வேலை நிரந்தரம், வாக்குரிமை, எல்லாமே நியாயமான காரணங்கள். உறுதிமொழிக்கு எழுந்து நிற்பதற்கு முன் எது போகும் என்று ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆதங்கம். என் மருமகளுக்கு நான் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டது லண்டன் விசாவைப் பற்றி. நானும் அதற்கு மட்டும் பதில் சொல்லி விட்டுவிட்டேன்.

இது நாஞ்சில் நாட்டுக்குப் புதிய அனுபவமும் அல்ல. என் பாட்டா கண்டியில் கடை வைத்திருந்தார். திருவாங்கூர் மகாராஜாவின் குடி அவர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. இந்தப் பக்கம் பிறந்த இவர் சட்டத்தின் பார்வையில் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருப்பவர். நாணயம் வேறு, அஞ்சல் வேறு. இருவரும் ஒரே போட் மெயிலில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போனார்கள். பிறகு 1947 வந்தது. 1948 நவம்பரில் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1949 நவம்பர் 1 முதல் வருவோர் போவோர் சட்டம் அமலுக்கு வந்தது. இருபது வருஷம் கடை நடத்திய ஊரில் பாட்டா இருப்பதற்குத் தற்காலிகக் குடியிருப்பு அனுமதி தேவைப்பட்டது. அவர் எந்த உறுதிமொழியும் எடுக்கவில்லை, இடம் மாறவும் இல்லை. கோடு அவரைத் தாண்டிப் போய்விட்டது. அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து, ஒரு கட்டத்தில் கடையை விற்றுவிட்டு வந்தார். சாகும்வரை கண்டி என்று சொல்லமாட்டார், "நம்ம கடை" என்றுதான் சொல்வார்.

பாட்டாவுக்குத் திரும்பி வர ஒரு வீடு இருந்தது. இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு அதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த மண்ணில் அவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் இந்த மாவட்டத்தில் அரசு ரப்பர் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். கீரிப்பாறையிலும் மணலோடையிலும் பால் வெட்டியவர்களில் அவர்கள் உண்டு. இந்திய பாஸ்போர்ட் கையில் வந்தபோது அவர்கள் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போக விசா வேண்டியிருந்தது. அண்ணன் இலங்கைக் குடிமகன், தங்கச்சி இந்தியக் குடிமகள். ஒரே லயத்தில் பிறந்தவர்கள்.

இதே மாவட்டத்தில் பழவிளையிலும் கோழிவிளையிலும் பெருமாள்புரத்திலும் 1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்களின் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த பிள்ளை பிறப்பாலேயே குடிமகன். அன்று முதல் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அண்ணனுக்குக் கிடைப்பது தம்பிக்குக் கிடைக்காத வீடுகள் உண்டு. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. அதுவே பெரிய ஆறுதல்தான். ஆனால் விலக்கு என்பது குடியுரிமை அல்ல. இதை விரித்தால் இன்னொரு சொற்பொழிவு வேண்டும்.

இவற்றுக்கு எதிரான ஒரு நல்ல நினைவும் நமக்கு இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று இந்த நான்கு தாலுகாக்களும் திருவாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்காக இந்த ஊர் ரத்தம் சிந்தியது. ஆனால் மறுநாள் பாறசாலைக்குப் பெண் பார்க்கப் போனவனிடம் களியக்காவிளையில் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. நம் அரசியல் சட்டம் தேசம் முழுமைக்கும் ஒரே குடியுரிமையைத்தான் வைத்திருக்கிறது. அந்த ஒன்றுக்குள் இருக்கும்வரை அதன் அருமை தெரியாது.

இனி, சாத்திய கதவை எப்படித் திறப்பது? ஓ.சி.ஐ. அட்டை என்று எல்லோரும் சொல்வார்கள். வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் என்று அதற்குப் பெயர். 2005ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. 2015 ஜனவரியில், இந்திய வம்சாவளியினருக்கான பழைய பி.ஐ.ஓ. அட்டையும் இதோடு சேர்க்கப்பட்டது. மிக நல்ல ஏற்பாடு. ஆயுள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம், காவல்துறையில் வெளிநாட்டவராகப் பதிவு செய்ய வேண்டாம். ஆனால் அது ஒரு நீண்ட விசாதான். குடிமகன் என்ற சொல் பெயரில் மட்டும் இருக்கிறது. ஓட்டு இல்லை. அரசு வேலை இல்லை. மிஷனரிப் பணி, பத்திரிகைப் பணி, ஆராய்ச்சி இவற்றுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ஊழியத்துக்காக ஊருக்கு வந்து போகும் குடும்பங்கள் நிறைய உள்ள மாவட்டம் இது. அவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அட்டை வைத்திருப்பவர் பிறகு இன்னொரு நாட்டுக் குடியுரிமைக்கு மாறினால் அட்டையிலும் அதை மாற்றிப் பதிய வேண்டும்.

எல்லாவற்றையும்விட இங்கே வலிக்கிற இடம் வயல். ஓ.சி.ஐ. அட்டைக்காரர் வீடு வாங்கலாம், வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. நஞ்சையும் தென்னந்தோப்பும் ரப்பரும்தானே நமக்குச் சொத்து? அப்பாவிடமிருந்து வாரிசாக வரலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் பக்கத்து வயலை அண்ணனிடமிருந்து விலைக்கு வாங்கிச் சேர்க்க முடியாது. வாரிசாக வந்த விவசாய நிலத்தை விற்பதென்றாலும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். பாகப்பிரிவினை முடியாமல் கிடக்கும் குடும்பங்கள், பிள்ளை உறுதிமொழி எடுப்பதற்கு முன்பே இதைப் பேசி முடித்துக்கொண்டால் பிற்பாடு கோர்ட்டுக்கு வரும் பாதி வழக்கு வராது.

பிள்ளைகளைப் பற்றி ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் வாழ்ந்த இந்தியத் தம்பதி ஒன்று 1998இன் கடைசியில் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றது. அப்போது அந்தத் தாய் கர்ப்பிணி. அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். பதினெட்டு வயதானதும் அவன், நான் இந்தியனாக வேண்டும் என்று கேட்டான். சட்டத்தின் 8ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது: பெற்றோர் இந்தியக் குடியுரிமையைத் துறந்தால், அதனால் குடியுரிமை போன பிள்ளை பெரியவனாகி ஓராண்டுக்குள் அதைத் திரும்பப் பெறலாம். சென்னை உயர்நீதிமன்றம் அவன் பக்கம் நின்றது. 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. அவன் பெற்றோர் 8ஆம் பிரிவின்படி எழுதிக் கொடுத்துத் துறந்தவர்கள் அல்ல. வேறு குடியுரிமை பெற்றதால் 9ஆம் பிரிவின்படி தானாகவே இழந்தவர்கள். துறந்தவர் பிள்ளைக்கு வழி உண்டு, இழந்தவர் பிள்ளைக்கு இல்லை. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது நீதிமன்றம் இரக்கத்தால் அவற்றை வளைக்க முடியாது என்பது சரியான தீர்ப்புதான். சட்டம்தான் சரியாக இல்லை என்பது என் கருத்து.

முதலில் இந்தியக் குடியுரிமையைத் துறந்து எழுதிக் கொடுத்துவிட்டு, எந்த நாடும் இல்லாமல் நின்று, பிறகு உறுதிமொழிக்குப் போகிறவர் யார்? அநேகமாக எல்லோரும் உறுதிமொழி எடுத்து, அதனால் இழக்கிறவர்கள்தான். அப்படியானால் 8ஆம் பிரிவு பிள்ளைகளுக்குத் தரும் வழி அநேகமாக யாருக்கும் பயன்படாத வழி. ஐந்தாண்டு ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்து, பன்னிரண்டு மாதம் இங்கே வசித்து, பதிவு மூலம் குடிமகனாக வேறொரு பிரிவு இடம் கொடுக்கிறது. அது புதியவனாக மனுப் போடுவது. நான் கேட்பது, பெற்றோர் எடுத்த முடிவால் இழந்த பிள்ளை பெரியவனானதும் ஒரே ஒரு முறை, ஓராண்டுக்குள், தன் வாயால் சொல்லித் திரும்பும் உரிமை. 9ஆம் பிரிவில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.

சட்டம் மாறுமா என்று கேட்பீர்கள். பெற்ற பிள்ளைக்குச் சொத்தில்லை, சகோதரி மகனான மருமகனுக்குத்தான் என்றிருந்த நாடு இது. தேரூர்க்காரர் ஒருவர், நம் கவிமணி, மருமக்கள்வழி மான்மியம் எழுதினார். ஊர்ப் பெரியவர்கள் மனுக் கொடுத்தார்கள். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு நியாயம் கேட்டுச் சட்டத்தை மாற்றிய மண் இது. இந்த மேடையில் இருந்து அதே மாதிரி ஒரு மனு கிளம்பினால் முதல் கையெழுத்து என்னுடையது.

என் மருமகளுக்குப் புது பாஸ்போர்ட் வந்தது. இணையத்தில் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தாள், கிடைத்தது. திருவனந்தபுரத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்று, கைரேகை வைத்து வெளியே வந்தாள். அம்மை விழுந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. உயிர் இருந்தது, பேச்சு சரியாக வரவில்லை.

அன்று சாயந்திரம் நான் போனபோது அவள் தம்பி முற்றத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். விசாவில் வந்த வெளிநாட்டவரை யார் வீட்டில் தங்க வைத்தாலும் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 'சி' படிவம் என்று அப்போது அதற்குப் பெயர். ஓட்டல்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைப்பார்கள், வீடுகளுக்கும் உண்டு. அக்காளின் பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், விசா எண் எல்லாம் நிரப்பியிருந்தான்.

"எங்க தங்கியிருக்கான்னு கேக்கு மாமா, நம்ம வீட்டு நம்பரப் போட்டுட்டேன். வந்த காரியம்னு ஒண்ணு கெடக்கு. அதுக்கு என்ன போட?"

உள்ளே அவள் அம்மைக்குக் கஞ்சி கோரிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். உறவினரைப் பார்க்க என்று ஒன்று இருந்தது. அதை அமுக்கச் சொன்னேன்.